முக அறுவைக்குப் பிறகு கெமிக்கல் பீல்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொங்கிய முகத்தோலைத் தூக்கி இறுக்கித் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்டவர்கள், கண் இமையில் தொங்கிய தோலை எடுத்தவர்கள், மூக்கைத் திருத்திக்கொண்டவர்கள், பழைய விபத்துத் தழும்பைச் சரிசெய்தவர்கள் எல்லாரும் சில வாரம் கழித்து வந்து கேட்பது ஒன்றுதான்: "ஆபரேஷன் நல்லா வந்திருக்கு, ஆனா மங்கு அப்படியே இருக்கே?" இருக்கத்தான் செய்யும். அறுவை தொங்கலை இறுக்கும், வடிவத்தை மாற்றும். தோலின் நிறத்தையும் மேற்பரப்பையும் தொடாது. மங்கு, வெயில் கருமை, பரு விட்டுப்போன புள்ளிகள், மெல்லிய சுருக்கக் கோடுகள் இவற்றுக்குத்தான் கெமிக்கல் பீல். ஓர் அமிலத்தைக் கணக்காகத் தடவி மேல்தோலை உரியவைத்து, அடியிலிருந்து புதுத்தோல் வர வழிவிடுகிற சிகிச்சை அது.

நான் புதுச்சேரியில் தோல் சிகிச்சை அறையில் செவிலியர். வீடு கடலூரில். என் கண்ணில் படும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே: அறுவை செய்தவர் ஒருவர், பீல் போடுபவர் இன்னொருவர், இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சென்னையில் ஆபரேஷன், ஊருக்குத் திரும்பியதும் பக்கத்துப் பார்லரில் பீல் என்று நடக்கிறது. அந்த இருவரையும் பேசவைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. கீழே வருகிற படிகள் எல்லாம் அதையொட்டியவை.

முதலில் காகிதம்

டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். தொலைந்துபோயிருந்தால் மருத்துவமனையில் கேட்டு நகல் வாங்குங்கள். அதில் அறுவை நடந்த தேதி, செய்த அறுவையின் பெயர், கொடுத்த மருந்துகள் இருக்கும். பீல் செய்யப்போகும் டாக்டருக்கு இதைவிட முக்கியமான இன்னொரு தகவலும் வேண்டும்: முகத்தில் எந்த இடத்துத் தோலைப் பிரித்துத் தூக்கித் தைத்தார்கள் என்பது. சம்மரியில் அது விவரமாக இல்லாவிட்டால், அறுவை மருத்துவரிடம் ஒரு முகப்படத்தில் வரைந்து தரச்சொல்லுங்கள். தயங்க வேண்டாம். அவர்களுக்கு அது இரண்டு நிமிட வேலை. கூடவே, "இந்தத் தேதிக்கு மேல் பீல் செய்யலாம்" என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எத்தனை நாள் பொறுப்பது

இதைத்தான் எல்லாரும் அவசரப்படுத்துகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஃபேஸ்லிஃப்ட்டில் காதோரத்திலிருந்து கன்னம், கழுத்து வரை தோலை அடியிலிருந்து பிரிக்கிறார்கள். பிரிக்கும்போது கீழிருந்து மேலே வரும் சிறு ரத்தக்குழாய்கள் அறுபடுகின்றன. சில காலத்துக்கு அந்தத் தோல், பக்கவாட்டிலிருந்து வரும் ரத்தத்தை மட்டும் நம்பி உயிரோடு இருக்கிறது. பீல் என்பதோ வேண்டுமென்றே உண்டாக்குகிற ஒரு காயம். அது ஆற ரத்தம் வேண்டும். ரத்தம் குறைவாக ஓடும் தோலில் ஆழமாக அமிலம் போட்டால் தோல் கறுத்துச் செத்துப்போகலாம், தடித்த தழும்பும் விழலாம். புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

ஆகவே மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு இதுதான். மேலோட்டமான பீல் என்றால், காயம் முழுவதும் ஆறி, வீக்கமும் ரத்தக்கட்டும் வடிந்த பிறகு, அதாவது ஒன்றரை இரண்டு மாதத்துக்கு மேல். நடுத்தர ஆழப் பீல் என்றால், பிரித்துத் தைத்த பகுதியில் 3 முதல் 6 மாதம் கழித்து. ஒரே நாளில் அறுவையும் பீலும் சேர்த்துச் செய்வதும் உண்டு. பெரும்பாலும் பிரிக்காத இடங்களில், வாயைச் சுற்றி மட்டும், தேர்ந்த கை உள்ளவர்கள் செய்வார்கள். அறுவை மருத்துவரே முடிவெடுத்து அவரே செய்யும் வேலை அது. நாமாகக் கேட்டு வாங்குவது அல்ல.

கீழ் இமையில் அறுவை செய்திருந்தால் இன்னொரு கவனம். அங்கே ஏற்கெனவே தோல் குறைந்திருக்கிறது. பீலும் தோலை ஓரளவு சுருக்கும். இரண்டும் சேர்ந்தால் இமை கீழே இழுபட்டு, கண் சரியாக மூடாமல் நீர் வடியலாம். டாக்டர் உங்கள் கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்து விட்டு, அது எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்ப்பார். பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

அறுவைக்குப் பிறகு கண்ணுக்குக் கீழே பழுப்பாக நிற்கும் கறை பல நேரம் தோலின் கருமையே அல்ல. ரத்தக்கட்டு கரையும்போது அதிலுள்ள இரும்புச்சத்து தோலில் தங்கிவிடுவதால் வருவது. பல மாதத்தில் தானாகவே மங்கும். பீலுக்கு அது அசையாது. இதற்காகவே அவசரப்பட்டு பீலுக்கு வருகிறவர்கள் உண்டு. பார்த்ததும் பிரித்துச் சொல்லக்கூடிய டாக்டரிடம் முதலில் காட்டுங்கள்.

எந்த அமிலம், எவ்வளவு ஆழம்

அமிலத்தின் பெயரைவிட அது எவ்வளவு ஆழம் போகிறது என்பதுதான் விஷயம். கிளைகாலிக், லாக்டிக், மாண்டெலிக், சாலிசிலிக் ஆகியவை பொதுவாக மேலோட்டமானவை. 35 சதவீத டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் நடுத்தர ஆழம் போகும். பீனால் மிக ஆழம். இவை புதிதாகக் கிளம்பிய பார்லர் சரக்கு அல்ல. ஜெர்மன் தோல் மருத்துவர் பால் உன்னா 1882-இலேயே சாலிசிலிக், டிரைகுளோரோ அசிட்டிக், பீனால் ஆகியவை தோலில் என்ன செய்கின்றன என்று எழுதியிருக்கிறார்.

நம் தோலுக்கு வருவோம். வெயிலில் சிவக்கிறதா கறுக்கிறதா என்பதை வைத்துத் தோலைப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் வகைப்பாடு 1975-இல் தொடங்கியது, இப்போது அதில் 6 வகை. நம் ஊரில் பெரும்பாலோர் 4, 5-க்குள் வருவோம். இந்தத் தோலின் குணம், எந்தக் காயம் பட்டாலும் கறுப்பது. கொசுக்கடிகூட மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கிறதே, அதே குணம்தான். அதனால் பீனால் நமக்குப் பொதுவாக வேண்டாம். அது இதயத் துடிப்பைக் குழப்பக்கூடியது, இதயத்தைக் கண்காணித்துக்கொண்டே போட வேண்டியது. மாநிறத் தோலை நிரந்தரமாக வெளிறவைத்துவிடவும் கூடும். நடுத்தர ஆழமும் அனுபவமுள்ளவர் கையில், அளந்து செய்ய வேண்டியது. மேலோட்டமான பீலைப் பல தடவை செய்து மெதுவாக முன்னேறுவதுதான் நமக்கு நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஒரே பீலில் முகம் மாறும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கிளைகாலிக் அமிலம் கரும்பில் இருக்கிறது, லாக்டிக் அமிலம் தயிரில் இருக்கிறது என்பது உண்மை. அதற்காக நெல்லிக்குப்பத்துக் கரும்புச்சாற்றையும் எலுமிச்சையையும் முகத்தில் தேய்த்தால் பீல் ஆகாது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் படும்போது கொப்புளமும் கறுப்பும் வருவது உண்டு. ஆன்லைனில் கிடைக்கும் அமில பாட்டிலை வாங்கி வீட்டில் போடுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

யாரிடம் போவது

எம்.டி. அல்லது டி.என்.பி. தோல்நோய் படித்தவர், அல்லது எம்.சிஹெச். பிளாஸ்டிக் சர்ஜரி முடித்தவர். பெயர்ப்பலகையில் "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்று மட்டும் இருந்தால் என்ன படிப்பு, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். கோரிமேடு ஜிப்மரில் தோல் துறையும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அங்கேயே அறுவை செய்துகொண்டவர்கள், இரு துறையும் சேர்ந்து பார்க்க முடியுமா என்று கேட்பது வீண்போகாது.

செலவைக் கேட்கும்போது மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: ஒரு தடவைக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை தடவை, ஜி.எஸ்.டி. உள்ளடங்கியதா. அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது.

உங்களைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை சாப்பிட்டது, உதட்டோரத்தில் அடிக்கடி கொப்புளம் வருவது, தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, ஆஸ்பிரின் ஒவ்வாமை, கர்ப்பம், பால் கொடுப்பது. உதட்டுக் கொப்புளம் வருகிறவர்களுக்கு நடுத்தரப் பீலுக்கு முன்பே வைரஸை அடக்கும் மாத்திரை தொடங்கிவிடுவார்கள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு சாலிசிலிக் அமிலம் கூடாது.

இன்னொன்றும் கட்டாயம் சொல்லுங்கள்: மெடிக்கலில் சொந்தமாக வாங்கிப் பூசிய வெள்ளையாக்கும் கிரீம். அவற்றில் பல ஸ்டீராய்டு கலந்தவை. மாதக்கணக்கில் பூசியவர்களின் தோல் மெலிந்து, சின்ன உராய்வுக்கே சிவந்துவிடும். அந்தத் தோலில் அமிலம் நினைத்ததைவிட ஆழமாக இறங்கும். டியூபைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

மாதம் பார்ப்பது

கல்யாணத் தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், வெயிலை வைத்துப் போடுங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் பங்குனி தொடங்கி வைகாசி முடிய, குறிப்பாகக் கத்திரி வெயிலில், பீல் தொடங்க வேண்டாம். ஐப்பசியிலிருந்து தை வரை தோதான காலம். அப்போதும் மேகம் மூடியிருக்கிறதே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடக் கூடாது, புற ஊதாக் கதிர் மேகத்தைத் தாண்டி வரும். வீட்டில் விசேஷம் இருந்தால் கடைசிப் பீலுக்கும் அதற்கும் நடுவே ஒரு மாதமாவது இடைவெளி விடுங்கள். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினமோ வைத்திக்குப்பமோ போகும் பழக்கமுள்ளவர்கள் அந்த வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். உலர்ந்த கடல் மணல் மட்டுமே புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும்.

தோலைத் தயார்செய்வது

பீலுக்கு 2 முதல் 4 வாரம் முன்பே இது தொடங்கும். பகலில் சன்ஸ்கிரீன். இரவில் டாக்டர் எழுதித்தரும் கிரீம், பெரும்பாலும் ஹைட்ரோகுவினோன் அல்லது ட்ரெட்டினாய்ன். இதனால் அமிலம் முகம் முழுவதும் ஒரே சீராக இறங்கும், பிறகு கறுக்கும் வாய்ப்பும் குறையும். இதைத் தாண்டிவிட்டு "இன்றைக்கே பீல்" என்று படுக்கவைப்பவர்களை நம்பாதீர்கள். ட்ரெட்டினாய்னைப் பீலுக்குச் சில நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே கறுப்பைக் கூட்டும். அதனால் இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல்நிறச் சாயம் உள்ள சன்ஸ்கிரீன் நல்லது.

காதுக்குப் பின்னால் பேட்ச் டெஸ்ட், அதாவது சின்ன இடத்தில் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் சோதனை, செய்வது வழக்கம். ஃபேஸ்லிஃப்ட் ஆனவர்களுக்குத் தையல் போவதும் அங்கேதான். ஆகவே வேறு இடத்தில், உதாரணமாக முன்கையில் செய்யச்சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.

பீலுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே த்ரெடிங், வாக்ஸிங், ப்ளீச், ஸ்கிரப், ஃபேஷியல் எதுவும் வேண்டாம். ஆண்கள் அன்று காலை ஷேவ் செய்துகொள்ளக் கூடாது.

அன்றைய நாள்

முகத்தில் எதுவும் பூசாமல் வாருங்கள். கான்டாக்ட் லென்ஸ், மூக்குத்தி, கம்மல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தலைமுடியைத் துணித்தொப்பிக்குள் சேர்த்து, தலையைச் சற்று உயர்த்திப் படுக்கவைப்போம். முகத்தின் எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுத்து, கண்ணோரம், மூக்கு மடல் ஓரம், உதட்டோரம் வாசலின் வைப்போம். அறுவைத் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தால் அதன் மேலும் வாசலின் உண்டு. வைக்கிறார்களா என்று கவனியுங்கள். பிறகு நெற்றி, கன்னம், தாடை, மூக்கு என்று அமிலம் தடவுவார்கள். மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும், நிமிடம் எண்ணப்படும். எறும்பு கடிப்பதுபோல் சுருக்கென்று இருக்கும், சில நிமிடத்தில் தணியும். கிளைகாலிக் என்றால் குறித்த நேரத்தில் சோடியம் பைகார்பனேட் கரைசலோ தண்ணீரோ விட்டு அமிலத்தை நிறுத்துவார்கள். டிரைகுளோரோ அசிட்டிக் அப்படி நிற்காது. தோலில் வெண்பனி பூத்ததுபோல் வெண்மை படர்வதை வைத்து ஆழத்தைக் கணிப்பார்கள்.

அறுவை முடிந்த முகத்துக்கே உரிய ஓர் ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஃபேஸ்லிஃப்ட்டுக்குப் பிறகு காதோரமும் கன்னமும் பல வாரம், சிலருக்குப் பல மாதம், மரத்துப்போயிருக்கும். பீல் போடும்போது "எரியுதாம்மா?" என்று கேட்கிறோம். "நெத்தியில எரியுதுக்கா, இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல" என்கிறார்கள். தெரியவில்லை என்பதால் அங்கே அமிலம் வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. உங்களுக்கு உணர்வு இல்லாத இடத்தில் டாக்டர் தன் கண்ணையும் கடிகாரத்தையும் மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டும். அதனால் படுப்பதற்கு முன்பே, மரத்திருக்கும் இடத்தை உங்கள் விரலால் வரைந்து காட்டுங்கள். "தாங்க முடியுது, இன்னும் கொஞ்ச நேரம் வைங்க" என்று எப்போதும் சொல்லாதீர்கள். இதே காரணத்துக்காக, வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தில் ஐஸ் கட்டியை நேராக வைக்கவும் கூடாது. குளிர் சுடுவதும் தெரியாது.

எழுந்திருக்கும்போது அமிலத்தின் பெயர், சதவீதம், எத்தனை நிமிடம் வைத்தார்கள் என்ற மூன்றையும் உங்கள் அட்டையில் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை வேறு டாக்டர் இருந்தாலும் அது கை கொடுக்கும்.

ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சு முகத்தில் அழுந்தி உராயும், ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டவும் கூடாது. ஆகவே அன்று வண்டியை விட்டுவிட்டுப் பேருந்தில் வாருங்கள். கடலூரிலிருந்து காலையில் வடக்கே வரும்போதும், சாயங்காலம் தெற்கே திரும்பும்போதும் வெயில் வலப்பக்கம்தான் அடிக்கும். இரண்டு முறையும் இடப்பக்கம் உட்காருங்கள்.

உரியும் வாரம்

முதல் நாள் முகம் இறுக்கமாக, லேசாகச் சிவந்து இருக்கும். இரண்டு மூன்றாம் நாள் தோல் காபி நிறமாகிக் காய்ந்ததுபோல் தெரியும், பயப்பட வேண்டாம். மூன்றாம் நாளையொட்டி வாயோரத்தில் உரியத் தொடங்கி, மேலோட்டமான பீல் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். மிக மெல்லிய பீலில் கண்ணுக்குத் தெரிய எதுவுமே உரியாமல் போகலாம், அதற்காகப் பலனில்லை என்று எண்ண வேண்டாம். நடுத்தரப் பீலில் வீக்கம் வரும், பழுப்புப் பொருக்குக் கட்டும், 7 முதல் 10 நாளில் உதிரும். சிவப்பு மறைய இன்னும் சில வாரம் ஆகும்.

தொங்கும் தோலைப் பிய்க்காதீர்கள். இந்த வாரத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல் அதுதான். பிய்த்த இடம் அப்படியே கறுப்பாக நின்றுவிடும். உறுத்தினால் அந்தத் துணுக்கின் மேல் வாசலின் வையுங்கள், தானாக விழும். கடற்கரையோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும், புதுத்தோலுக்கு எரியும். முதல் சில நாள் கேன் தண்ணீரில் முகம் கழுவுங்கள், துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மல்லாந்து படுங்கள், தலையணை உறையை மாற்றிக்கொண்டே இருங்கள்.

மஞ்சள், கடலை மாவு, வேப்பிலை, சந்தனம் எதையும் பூச வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் அன்போடு அரைத்துக்கொண்டு வருவார்கள். "டாக்டர் ரெண்டு வாரம் வேணாம்னு சொல்லியிருக்காரு அத்தை" என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டில் பத்தியம் கிடையாது. மீன், முட்டை, பருப்பு நன்றாகச் சாப்பிடுங்கள், காயம் ஆறப் புரதம் வேண்டும். அடுப்பு வெக்கை மட்டும் ஆகாது, வெக்கையும் மங்கைக் கூட்டும். பஜ்ஜிக் கடை, மெஸ் நடத்துகிறவர்கள் ஒரு வாரம் அடுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள். பெண்களுக்கு வீட்டில் அந்த ஒரு வாரம் கிடைப்பது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தேதி குறிக்கும்போதே வீட்டில் பேசிவிடச் சொல்கிறேன்.

உடனே போன் செய்ய வேண்டியவை

இரண்டாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது. கடுகு அளவுக் கொப்புளங்கள் கொத்தாக வருவது. மஞ்சள் சீழ், காய்ச்சல். ஒரு கண் முழுவதும் மூடாமல் நிற்பது. காதோரத்திலோ காதுக்குப் பின்னாலோ தோல் சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ மாறுவது. கடைசியாகச் சொன்னது ரத்த ஓட்டம் நின்றதன் அடையாளமாக இருக்கலாம். அதற்கு அறுவை செய்த டாக்டருக்கும் அதே மணி நேரத்தில் தகவல் போக வேண்டும். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து இருவருக்கும் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று திங்கள் வரை காத்திருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மூன்று நான்கு வாரம் கழித்து முகம் பளிச்சென்று வந்தபின் திடீரென்று கறுக்கத் தொடங்குவதும் நடக்கும். சீக்கிரம் காட்டினால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். மெடிக்கலில் ஸ்டீராய்டு டியூப் வாங்கிப் பூசி அதைச் சிக்கலாக்கிக்கொள்ள வேண்டாம். கறுப்பு போகட்டும் என்று அதன் மேலேயே இன்னொரு பீல் போடவும் கூடாது.

அடுத்த பீல்

மேலோட்டமான பீல்களுக்கு நடுவே 2 முதல் 4 வாரம் இடைவெளி இருக்கும், பொதுவாக 4 முதல் 6 தடவை தேவைப்படும். முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிட்டுத்தான் அடுத்ததை முடிவுசெய்ய வேண்டும். வீட்டில் ஒரே ஜன்னல் ஓரம், ஒரே நேரம், ஒரே தூரம் வைத்துப் படம் எடுத்துவையுங்கள். மருத்துவமனை விளக்கில் எடுத்ததையும் வீட்டில் எடுத்ததையும் ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது. முதல் பீலில் எங்காவது கறுத்திருந்தால் அது முழுதாகத் தெளிந்த பிறகே அடுத்தது. இரண்டாம் தடவை போகும்போதும் டிஸ்சார்ஜ் சம்மரியும் பீல் அட்டையும் ஒரே கோப்பில் கையோடு இருக்கட்டும். மரத்திருந்த இடத்தில் உணர்வு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைப் புதிதாகச் சோதித்துச் சொல்லிவிட்டுப் படுங்கள்.